மூன்று சில்வர், ஒரு டைமண்ட், கோல்டு மட்டும் இல்லை: பி.டி. ஜேம்ஸுக்குக் கிடைத்ததும் கிடைக்காததும்

புலன்விசாரணை:

பிரிட்டனின் குற்றக்கதை எழுத்தாளர் பி.டி. ஜேம்ஸ் அம்மையார் வாங்கிய விருதுகளை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தேன். ஓர் இடம் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

பிரிட்டனில் குற்றப்புனைவு எழுத்தாளர்களுக்கென்று ஒரு சங்கம் இருக்கிறது. 1953-இல் ஜான் கிரீஸி தொடங்கியது. ஆண்டின் சிறந்த குற்ற நாவலுக்கு இவர்கள் கொடுப்பது கோல்டு டாகர். அந்தக் காலத்தில் இரண்டாவதாக வந்த நாவலுக்குச் சில்வர் டாகர் உண்டு. ஜேம்ஸ் மூன்று முறை சில்வர் வாங்கியிருக்கிறார். 1971-இல் 'ஷ்ரவுட் ஃபார் எ நைட்டிங்கேல்', 1975-இல் 'தி பிளாக் டவர்', 1986-இல் 'எ டேஸ்ட் ஃபார் டெத்'. கோல்டு ஒரு முறைகூடக் கிடைக்கவில்லை.

அதே சங்கம்தான் 1987-இல் வாழ்நாள் பணிக்கான டைமண்ட் டாகரை அவருக்குக் கொடுத்தது. அந்த விருதே அதற்கு முந்தைய ஆண்டுதான் தொடங்கியது. முதலில் வாங்கியவர் எரிக் ஆம்ப்ளர், அடுத்து ஜேம்ஸ், அதற்கடுத்து ஜான் லெ காரே. இது போக 1983-இல் ஓபிஇ என்ற அரசுப் பட்டம், 1991-இல் பிரிட்டன் நாடாளுமன்ற மேலவையான பிரபுக்கள் சபையில் இடம், 1999-இல் அமெரிக்க மர்மக்கதை எழுத்தாளர் சங்கத்தின் கிராண்ட் மாஸ்டர்.

ஆக, மொத்தமாகப் பார்த்தால் முதல் வரிசை, தனித்தனியாகப் பார்த்தால் எந்தப் புத்தகமும் முதலிடத்துக்குப் போதாது என்று ஒரே சங்கம் சொல்லியிருக்கிறது. இது அநியாயமா, சரியான தீர்ப்பா? என் கட்சியை அப்புறம் சொல்கிறேன். ஒரே ஒரு நிபந்தனை: எந்த நாவலுக்கும் கொலையாளி யாரென்று இங்கே போட்டு உடைக்கக் கூடாது.

கடைசிப்பக்கம்:

அநியாயம்தான், இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

1975-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கோல்டு யாருக்குப் போனது? நிக்கோலஸ் மேயருக்கு. ஷெர்லாக் ஹோம்ஸை வியன்னாவுக்கு அழைத்துப்போய் ஃபிராய்டிடம் சிகிச்சைக்கு உட்கார வைக்கும் கதை. சுவாரசியமான யோசனைதான், நானும் ஒரே மூச்சில் படித்தேன். ஆனால் துப்பறிவாளர் இரவல், டாக்டர் வாட்சனின் குரலும் இரவல். அந்தப் பக்கம் ஜேம்ஸ், உடல் இயங்காதவர்கள் வாழும் ஒரு இல்லத்தை டோர்செட் கடற்கரையில் கட்டி எழுப்பி, தானே சாவின் விளிம்பிலிருந்து மீண்ட டால்கிளீஷை, அதாவது தன் பெரும்பாலான நாவல்களில் துப்பறிகிறவரை, அங்கே கொண்டுவந்து விடுகிறார். வேலையை விட்டுவிடலாம் என்ற முடிவோடு வருகிற போலீஸ்காரர். அந்த நாவலின் கனம் ஹோம்ஸ் நாவலுக்கு உண்டா?

சுரங்கரயில்:

'தி பிளாக் டவர்' கனமானதுதான், பாதிக்கு மேல் நகர மாட்டேன் என்கிறதே. அதையும் கனம் என்றே சொல்லலாம்.

புலன்விசாரணை:

சிரித்துவிட்டேன். ஆனால் 1971-ஐ விட்டுவிட்டீர்களே, கடைசிப்பக்கம். அந்த ஆண்டு கோல்டு வாங்கியது ஜேம்ஸ் மெக்லூரின் 'தி ஸ்டீம் பிக்'. அது அவருடைய முதல் நாவல். நிறவெறிச் சட்டம் கோலோச்சிய தென்னாப்பிரிக்காவில் ஒரு வெள்ளைக்கார லெப்டினென்டும் ஒரு சூலு சார்ஜென்டும் சேர்ந்து வேலை பார்க்கிறார்கள். அதுவரை துப்பறியும் கதை எட்டிப் பார்க்காத இடம். நடுவர் நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தாலும் கை அந்தப் பக்கம்தான் போயிருக்கும்.

பகல்_ஷிஃப்ட்:

நான் செவிலியர். விருது அரசியல் எனக்குத் தெரியாது. ஆனால் 'ஷ்ரவுட் ஃபார் எ நைட்டிங்கேல்' பேச்சு வந்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

கதை ஒரு செவிலியர் பயிற்சிப் பள்ளியில் நடக்கிறது. அன்று காலை பள்ளியைப் பார்வையிட ஆய்வாளர் ஒரு அம்மா வருகிறார். மாணவிகளுக்கு அன்றைய பாடம், வாயால் சாப்பிட முடியாத நோயாளிக்குக் குழாய் வழியாக வயிற்றுக்குள் பால் செலுத்துவது. மாணவிகளில் ஒருத்தியே நோயாளியாகக் கட்டிலில் படுக்கிறாள். குழாய் உள்ளே போகிறது. புனலைத் தூக்கிப் பிடித்துப் பாலை ஊற்றுகிறார்கள். அந்தப் பாலில்தான் விஷயம் இருக்கிறது.

பயிற்சிக் காலத்தை நினைத்துப் பாருங்கள் என்று யாராவது என்னிடம் சொன்னால் ஞாபகம் வருவது இதுதான். ஆய்வுக்கு ஆள் வருகிற நாளில் டீச்சர் குரலில் வரும் தேன், விறைப்பாகக் கஞ்சி போட்ட சீருடை, கை நடுங்கக் கூடாதே என்ற பயம், படுத்திருப்பவளின் கண்ணில் தெரியும் அசௌகரியம். ஜேம்ஸ் இந்த எல்லாவற்றையும் எழுதிவிட்டு, நாம் ரொம்பச் சாதாரணமாக நினைக்கும் ஒரு நடைமுறைக்குள்ளேயே கொலையை ஒளித்து வைக்கிறார். கத்தி, துப்பாக்கி எதுவும் வேண்டாம். ட்ரேயில் வரிசையாக அடுக்கி வைத்த பொருள்களே போதும். படித்த பிறகு ஒரு வாரம் ஃபீட் கொடுக்கும்போதெல்லாம் பாட்டிலை இரண்டு தரம் முகர்ந்து பார்த்தேன்.

மருத்துவமனைக்குள் இருந்து பார்க்காமல் இப்படி எழுத முடியாது. அவர் நர்ஸா?

ஓய்வூதியர்:

இல்லை அம்மா, அலுவலகத்து ஆள். 1949 முதல் 1968 வரை லண்டனில் மருத்துவமனைகளை நிர்வகிக்கும் வட்டார வாரியத்தில் நிர்வாக வேலை பார்த்தார். கோப்பு, குழுக் கூட்டம், நியமனம், புகார் மனு. அப்புறம் தேர்வு எழுதி உள்துறை அமைச்சகத்துக்குப் போனார். அங்கே 1979 வரை, முதலில் காவல் துறை தொடர்பான பிரிவில், பிறகு குற்றவியல் கொள்கைப் பிரிவில். முழுசாக முப்பது வருட அலுவலக வாழ்க்கை. நானும் அரசு வேலையில் தலை நரைத்தவன் என்பதால் இதைச் சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகவே இருக்கிறது.

ஆசைப்பட்டு வேலைக்குப் போனவர் இல்லை. பதினாறு வயதோடு படிப்பு நின்றது. 1941-இல் திருமணம். கணவர் மருத்துவர், போருக்குப் போய் மனநலம் குலைந்து திரும்பினார். 1964-இல் இறக்கும் வரை மருத்துவமனையும் வீடுமாகத்தான் அவர் வாழ்க்கை. இரண்டு பெண் குழந்தைகள். சம்பாதிக்க வேண்டியவர் ஜேம்ஸ்தான். காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் எழுதி எழுதி, முதல் நாவல் 'கவர் ஹெர் ஃபேஸ்' 1962-இல் ஃபேபர் வெளியீடாக வரும்போது அவருக்கு வயது 42.

வேலையில் பார்த்தது வீணாகவில்லை. 1963-இல் வந்த இரண்டாவது நாவல் ஒரு மனநல கிளினிக்கில். 1977-இல் வந்த 'டெத் ஆஃப் ஆன் எக்ஸ்பர்ட் விட்னஸ்' தடய அறிவியல் ஆய்வகத்தில். உள்துறையில் தன்னோடு வேலை பார்த்த கிரிட்ச்லியுடன் சேர்ந்து 1811-ஆம் ஆண்டின் ராட்கிளிஃப் ஹைவே கொலைகளைப் பற்றி ஒரு வரலாற்று நூலும் எழுதியிருக்கிறார். அதுவும் 1971-இல்தான் வந்தது.

இன்னொன்று சொல்ல வேண்டும். 1975-இல் இங்கிலாந்தில் ஒரு சட்டம் வந்தது. தத்துக் கொடுக்கப்பட்டவர்கள் 18 வயது ஆனதும் தங்கள் பிறப்புப் பதிவைக் கேட்டுப் பெறலாம். நாமாக இருந்தால் சுற்றறிக்கையைப் படித்து, கையெழுத்துப் போட்டு அடுத்த மேஜைக்குத் தள்ளியிருப்போம். ஜேம்ஸின் 'இன்னசன்ட் பிளட்' நாவலில் ஒரு பெண் அந்த உரிமையைப் பயன்படுத்தித் தன்னைப் பெற்றவர்களைத் தேடிப் போகிறாள். 1980-இல் வெளிவந்து அமெரிக்காவில் சக்கைப்போடு போட்டது. அவருக்குப் பணக் கவலை தீர்ந்தது அந்தப் புத்தகத்தால்தான். அதில் டால்கிளீஷ் கிடையாது.

கடைசிப்பக்கம்:

ஐயா, இதைத்தான் நானும் சொல்கிறேன். இவ்வளவு இருந்தும் கோல்டு இல்லையே!

சுரங்கரயில்:

நான் பிரிட்டனின் இன்னொரு குற்றக்கதை எழுத்தாளரான ரூத் ரெண்டல் கட்சி, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஆகவே 1986-ஐ நான் பேசுகிறேன்.

அந்த வருடம் ஜேம்ஸின் 'எ டேஸ்ட் ஃபார் டெத்' சில்வர். கோல்டு ரெண்டலின் 'லைவ் ஃபிளெஷ்'. அடுத்த வருடம் 1987-இல் மறுபடி கோல்டு வாங்கியது யார்? பார்பரா வைன். அது யார்? அதுவும் ரெண்டல்தான், புனைபெயரில்! ஏற்கெனவே 1976-இல் 'எ டீமன் இன் மை வியூ'வுக்கு ஒன்று, பிற்பாடு 1991-இல் வைன் பெயரில் இன்னொன்று. ஆகமொத்தம் நான்கு கோல்டு. 1991-இல் டைமண்டும் சேர்ந்துகொண்டது.

ஏன் என்று யோசித்தால் விடை அவ்வளவு கஷ்டமில்லை. 'எ டீமன் இன் மை வியூ'வை எடுங்கள். வாடகைக் குடியிருப்பில் ஒரு நடுத்தர வயதுக்காரர், நிலவறையில் ஒரு கடைப்பொம்மை, அந்தப் பொம்மையின் கழுத்தை நெரிப்பதால்தான் அவர் வெளியே மனிதர்களை நெரிக்காமல் இருக்கிறார். ஒரு நாள் பொம்மை இல்லாமல் போகிறது. முடிந்தது கதை, இனி வாசகருக்குத் தூக்கம் கிடையாது. யார் செய்தார் என்று தேட வேண்டியதே இல்லை, அவர் எப்போது செய்யப்போகிறார் என்றுதான் பயம். சின்னப் புத்தகம் வேறு.

ஜேம்ஸில் பிணம் கிடைப்பதற்குள் எனக்கு மூன்று வீட்டின் மேஜை நாற்காலி எல்லாம் மனப்பாடம் ஆகிவிடும். ஒவ்வொரு சாட்சியின் வரவேற்பறைக்குள்ளும் நுழைந்து, கணப்பு மேடை, திரைச்சீலை, சுவரில் உள்ள ஓவியம், அது நல்ல ஓவியமா சுமாரா என்று டால்கிளீஷின் அபிப்பிராயம். அவர் கவிஞர் வேறு! விசாரணைக்கு வந்தாரா, ஏலத்துக்கு மதிப்புப் போட வந்தாரா?

பகல்_ஷிஃப்ட்:

அந்த நாற்காலி மேஜைதான் சார் எனக்குப் பிடிக்கும். ஒருத்தர் வீட்டில் எதைத் துடைத்து வைத்திருக்கிறார், எதைத் தூசி படிய விட்டிருக்கிறார் என்று பார்த்தால் பாதி குணம் தெரிந்துவிடும்.

எழுத்துக்கூட்டி:

யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்லட்டுமா? டாகர் வேறு, ஓபிஇ, பிரபு பட்டம் எல்லாம் வேறு. பின்னதை எழுத்துக்குக் கிடைத்த மரியாதையாக எண்ணக் கூடாது.

அவர் 1988 முதல் 1993 வரை பிபிசியின் ஆளுநர் குழுவில் இருந்தார். மாஜிஸ்ட்ரேட்டாக இருந்தார். 1997 முதல் 2013 வரை எழுத்தாளர் கழகமான சொசைட்டி ஆஃப் ஆத்தர்ஸின் தலைவர். கன்சர்வேட்டிவ் கட்சி சார்பில் பிரபுக்கள் சபையில் உட்கார்ந்தார். குழுக் கூட்டத்துக்கு நேரத்துக்கு வருவார், தயாரித்துக்கொண்டு வருவார், சத்தம் போடாமல் கையெழுத்துப் போடுவார் என்று மேலிடத்துக்கு நம்பிக்கை தருகிற ஆள். அப்படிப்பட்டவர்களுக்குப் பட்டம் தானாக வரும். அதே வயதில், அதே தரத்தில் எழுதிய, ஆனால் எந்தக் குழுவிலும் உட்காராத ஒருவருக்கு வந்திருக்குமா என்று கேளுங்கள்.

ஓய்வூதியர்:

சத்தம் போடாமல் கையெழுத்துப் போடுகிறவரா? தம்பி, 2009 டிசம்பர் 31 அன்று பிபிசி ரேடியோ 4-இல் 'டுடே' நிகழ்ச்சியின் விருந்தினர் ஆசிரியராக அவர் வந்ததைத் தேடிக் கேளுங்கள். அப்போது அவருக்கு 89 வயது. பிபிசியின் தலைமை இயக்குநர் மார்க் தாம்சனையே எதிரில் உட்கார வைத்து, மேலதிகாரிகளுக்கு ஏன் இத்தனை சம்பளம், நிகழ்ச்சிகளின் தரம் ஏன் இப்படி என்று கேட்டார். குரல் ஒரு சுருதிகூட உயரவில்லை. பதில் சொல்கிறவர்தான் திணறினார். அந்த ஆண்டின் சிறந்த ஒலிபரப்பு நேர்காணலுக்கான நிக் கிளார்க் விருது இந்தப் பாட்டிக்குத்தான் போனது. தொழில்முறைப் பத்திரிகையாளர்கள் அவ்வளவு பேர் இருக்கும்போது.

குழுவில் உட்கார்ந்தவருக்கு எந்தக் கேள்வியை எங்கே கேட்க வேண்டும் என்று தெரியும். நான் பார்த்த நல்ல அதிகாரிகள் எல்லாரும் அப்படித்தான்.

எழுத்துக்கூட்டி:

சரி ஐயா, அந்த நேர்காணலைக் கேட்டேன், தாம்சனைப் பார்த்துப் பரிதாபமாகவே இருந்தது. ஆனால் பிரபு பட்டம் பற்றிய என் கேள்வி அப்படியேதான் நிற்கிறது. ரெண்டலுக்கும் 1997-இல் கிடைத்தது, லேபர் கட்சி சார்பில். இரண்டு பெரிய கட்சிகளும் ஆளுக்கொரு குற்றக்கதை ராணியை வைத்துக்கொண்டன என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சுரங்கரயில்:

அது ஒன்றுதான் எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த இடம். சபையில் எதிரெதிர் வரிசை, வெளியே நெடுநாள் சிநேகிதிகள். 2014 நவம்பர் 27 அன்று ஆக்ஸ்ஃபோர்டில் ஜேம்ஸ் இறந்தார், 94 வயது. அடுத்த மே மாதம் 2-ஆம் தேதி ரெண்டலும் போய்விட்டார். விருதுக் கணக்கை வைத்து நாம்தான் இங்கே அடித்துக்கொள்கிறோம்.

புலன்விசாரணை:

என் கட்சியைச் சொல்கிறேன் என்றேன் அல்லவா, இப்போது சொல்லிவிடுகிறேன்.

மூன்று சில்வரும் சரியான தீர்ப்பு. டைமண்டும் சரியான தீர்ப்பு. இரண்டுக்கும் முரண்பாடு இல்லை.

ஓர் ஆண்டின் நாவல்களைக் குவித்து வைத்துப் படிக்கும் நடுவருக்கு எது துருத்திக்கொண்டு தெரியும்? இதுவரை இல்லாத ஒன்று. மெக்லூரின் நாடு, மேயரின் குறும்பு, ரெண்டலின் நிலவறைப் பொம்மை. ஜேம்ஸ் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஒரு மூடிய இடம், ஐந்தாறு சந்தேகப்பட வேண்டிய ஆட்கள், ஒரு பிணம், ஒரு போலீஸ்காரர். இந்தச் சட்டகம் அவர் பிறந்த 1920-இலேயே இருந்தது. அவர் செய்தது அதை வேலைத்தலத்துக்குள் கொண்டுபோனது. செவிலியர் பள்ளி, ஆய்வகம் ஏற்கெனவே சொல்லியாயிற்று. அப்புறம் நார்ஃபோக் கடற்கரையில் அணுமின் நிலையம், தேம்ஸ் கரையில் ஒரு பழைய பதிப்பகம், வழக்கறிஞர்களின் அலுவலகம், பாதிரியார் பயிற்சிக் கல்லூரி, தனியார் அருங்காட்சியகம், பிளாஸ்டிக் சர்ஜரி கிளினிக். ஒவ்வொன்றிலும் யார் யாருக்குக் கீழே, யாருடைய பதவி உயர்வு எதனால் நின்றது, இடத்தை மூடப்போகிறார்களா, மூடினால் யார் தெருவுக்கு வருவார்கள் என்பதுதான் கொலைக்கு வேர். சொத்துக்காக மாமாவைக் கொல்லும் மருமகன் கதையிலிருந்து இது எவ்வளவு தள்ளி வந்துவிட்டது பாருங்கள். ஆனால் ஒரு புத்தகத்தை மட்டும் படித்தால் இது தெரியாது. ஏழெட்டுப் படித்த பிறகுதான், அடடா, இந்த அம்மா ஒரு நாட்டின் அலுவலகங்களை எல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டிக்கொண்டே வந்திருக்கிறாரே என்று உறைக்கும். ஆண்டு விருது அதைப் பிடிக்காது. வாழ்நாள் விருதுக்குத்தான் அது கண்ணில் படும்.

உண்மையான அநியாயம் வேறிடத்தில் இருக்கிறது. 1987-இல் புக்கர் பரிசின் நடுவர் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் இவர்தான். பெனலோப்பி லைவ்லியின் 'மூன் டைகர்' வென்ற ஆண்டு. அதாவது எது நல்ல நாவல் என்று தீர்ப்புச் சொல்லும் நாற்காலியை இலக்கிய உலகம் அவருக்குக் கொடுத்தது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு வந்த அவருடைய 'எ டேஸ்ட் ஃபார் டெத்'தைத் தன் பட்டியலில் சேர்க்கவில்லை. ஒரு தேவாலயத்தின் பக்க அறையில் முன்னாள் அமைச்சர் ஒருவரும் தெருவில் வாழும் ஒருவரும் கழுத்தறுபட்டுப் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கிறார்கள். அவர்களைக் கண்டுபிடிப்பது தேவாலயத்தில் பூ மாற்ற வந்த ஒரு வயதான அம்மாவும் அவரோடு ஒட்டிக்கொண்டு வரும் ஒரு சிறுவனும். அந்த அம்மாவின் தனிமையை அவர் எழுதியிருக்கும் முதல் சில பக்கங்களுக்காகவே நான் எந்தப் பரிசையும் கொடுப்பேன். குற்ற நாவல் என்ற முத்திரை குத்திவிட்டால் அந்தப் பக்கங்களை இலக்கியக்காரர்கள் திறந்தே பார்ப்பதில்லை.

கடைசிப்பக்கம்:

புக்கர் விஷயத்தில் உங்களோடு முழுசாக ஒத்துப்போகிறேன். மூன்று சில்வரும் சரி என்பதில் இல்லை. 1986-இல் 'லைவ் ஃபிளெஷ்' ரெண்டலின் ஆகச் சிறந்த நாவல்கூட இல்லை, சுரங்கரயில் அவர்களே ஒத்துக்கொள்வார்.

சுரங்கரயில்:

ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் வைன் பெயரில் வந்தவை அதைவிட மேல் என்று வேண்டுமானால் சொல்கிறேன்.

புதுவரவு:

ரொம்ப நேரமாக ஓரமாக நின்று படித்துக்கொண்டிருக்கிறேன். நான் இதுவரை இவர் எழுதியதில் படித்தது 'தி சில்ட்ரன் ஆஃப் மென்' மட்டும்தான், அதுவும் 2006-இல் வந்த அல்ஃபோன்ஸோ குவரோன் படத்தைப் பார்த்துவிட்டு. குழந்தைகளே பிறக்காமல் போன உலகத்தை எழுதியவரும் இந்த டால்கிளீஷ் ஆளும் ஒருவர்தான் என்பதே இங்கே வந்துதான் தெரிகிறது. எதில் தொடங்கலாம்? வரிசைப்படி படிக்க வேண்டுமா?

பகல்_ஷிஃப்ட்:

செவிலியர் பள்ளிதான். வேறு பேச்சே இல்லை.

ஓய்வூதியர்:

ஆய்வகக் கதை, 'டெத் ஆஃப் ஆன் எக்ஸ்பர்ட் விட்னஸ்'. அலுவலகத்தில் வேலை பார்ப்பவராக இருந்தால் முதல் ஐம்பது பக்கத்திலேயே உங்கள் மேலதிகாரியைச் சந்திப்பீர்கள்.

புலன்விசாரணை:

இரண்டும் நல்ல தேர்வு. ஆனால் நீளத்துக்குப் பயந்தால் 1972-இல் வந்த 'ஆன் அன்சூட்டபிள் ஜாப் ஃபார் எ வுமன்' எடுங்கள். கார்டீலியா கிரே என்று 22 வயதுப் பெண். அவளோடு துப்பறியும் நிறுவனம் நடத்தியவர் தற்கொலை செய்துகொள்கிறார். நொடிந்த நிறுவனமும் உரிமம் இல்லாத ஒரு துப்பாக்கியும் அவள் கைக்கு வருகின்றன. அவர் ஒரு காலத்தில் டால்கிளீஷின் கீழ் வேலை பார்த்து, வேலையிலிருந்து அனுப்பப்பட்டவர். அதனால் டால்கிளீஷை முதலில் ஒரு இளம்பெண்ணின் கோபத்தின் வழியாகப் பார்ப்பீர்கள். அது நல்ல அறிமுகம், பிறகு அவரைக் கோயில் கட்டிக் கும்பிடத் தோன்றாது.

வரிசை பெரிதாக வேண்டாம். ஒரே ஒரு கணக்கு: இன்ஸ்பெக்டர் கேட் மிஸ்கின் முதலில் வருவது 'எ டேஸ்ட் ஃபார் டெத்'தில். பிந்தைய நாவல்களில் அவருக்கும் பெரிய பங்கு உண்டு. ஆகவே 1989-க்குப் பிறகு வந்த டால்கிளீஷ் நாவல்களைத் தொடும் முன் அதைப் படித்துவிடுங்கள்.

சுரங்கரயில்:

இடையில் மூச்சு வாங்க ஒரு ரெண்டல் வைத்துக்கொள்ளுங்கள். 'எ டீமன் இன் மை வியூ', இருநூறு பக்கம்கூட இருக்காது.

புதுவரவு:

கார்டீலியா கிரே, அப்புறம் பொம்மை, அப்புறம் செவிலியர் பள்ளி. நூலகத்தில் முதலாவது இருக்கிறது, எடுத்துவிட்டேன்.